செல்லரித்த தனிச்சொல்

(வாசகர் கேள்விகளுக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு தமிழாசிரியரின் பதில்கள்)

சென்ற இதழில் பள்ளத்தூர் வாசகி ஒருவரின் கடிதத்தை மட்டும் வெளியிட்டுவிட்டு, பதிலை இந்த இதழுக்கு ஒத்திவைத்தேன். பாட்டில் விடுபட்ட சொல்லை நீங்களும் தேடிப் பாருங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் முழுக்க அந்தப் பாட்டுதான். சென்ற இதழைப் பார்க்காதவர்களுக்காகக் கடிதத்தைச் சுருக்கி முதலில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் ஆயா (பாட்டி) வீட்டுப் பட்டாலையில் பர்மாத் தேக்குச் சட்டம் போட்ட வாழ்த்து மடல் ஒன்று தொங்குகிறது. ஐயாவின் (தாத்தா) வயது நிறைவுச் சாந்திக்கு அச்சடித்தது. அறுபது வருஷம் இருக்கும். அதில் ஐந்து பாட்டு. நான்கு ஐயாவைப் பற்றியவை. கடைசிப் பாட்டு மட்டும் ஆயாவைப் பற்றியது. அந்த ஒரு பாட்டில்தான் செல்லரித்து ஒரு சொல் போய்விட்டது. கீழே எழுதியவர் பெயர் இருந்த இடமும் போய்விட்டது. ஆயா கொட்டான் (ஓலைக்கூடை) பின்னுவதில் கைதேர்ந்தவர். இது என்ன வகைப் பாட்டு? ஓட்டை விழுந்த இடத்தில் என்ன சொல் இருந்திருக்கும்?

பின்னும் விரலழகு பின்னிவைத்த ஓலையிலே
மின்னும் நிறமழகு மேலழகு - . . . . . . .
சொன்னசொல் காக்கும் துணிவழகு நம்மாச்சி
இன்னும் அழகே இனி

— வாசகி, பள்ளத்தூர்

பதில்: இது நேரிசை வெண்பா. நான்கு அடி. முதல் மூன்று அடிக்கு நான்கு நான்கு சீர், கடைசி அடிக்கு மூன்று சீர், ஆக 15 சீர். உங்கள் கையில் இருப்பவை 14. போன சீர் இரண்டாம் அடியின் கடைசியில், சிறு கோட்டுக்கு அப்புறம் நிற்க வேண்டியது. அதற்குத் தனிச்சொல் என்று பெயர். வெண்பாவில் இதைவிட முக்கியமான இருக்கை இல்லை. பாட்டு இரண்டு அடி நடந்து வந்து இங்கே நின்று திரும்பும். செல்லுக்கு யாப்பிலக்கணம் தெரியாது. ஆனால் அது அரித்த இடம் அப்படி.

சொல் போனாலும் அதன் வடிவம் போகவில்லை. முன்னால் நிற்கும் சீரும் பின்னால் வரும் சீரும் அந்த வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. எப்படி என்று சொல்கிறேன்.

சீரை அசையாகப் பிரிக்க வேண்டும். ஒரே எழுத்தில் நிற்பது நேர். இரண்டு எழுத்து சேர்ந்து, முதல் எழுத்து குறிலாக ஓடினால் நிரை. மெய்யெழுத்துக்குத் தனிக் கணக்கு இல்லை, முன் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு அசையை முடித்துவிடும். ‘பின்/னும்’ என்றால் நேர் நேர், தேமா. ‘விர/லழ/கு’ என்றால் நிரை நிரை நேர், கருவிளங்காய். வெண்பாவுக்கு உரிய கட்டுப்பாடு, சீர் முடிந்த விதத்தைப் பார்த்து அடுத்த சீர் தொடங்க வேண்டும் என்பது. மா என்று முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்கும். விளம் என்று முடிந்தாலும் காய் என்று முடிந்தாலும் அடுத்தது நேரில் தொடங்கும். அவ்வளவுதான் வெண்டளை. இதை மனப்பாடம் பண்ணுவதைவிடப் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது. தளை தப்பினால் படியில் கால் தவறியது போல நாக்குக்கே தெரியும்.

இனி ஓட்டைக்கு வருவோம். அதற்கு முன் நிற்பது ‘மே/லழ/கு’, கூவிளங்காய். எனவே போன சொல் நேரில் தொடங்கியிருக்க வேண்டும். அதற்குப் பின் வருவது ‘சொன்/னசொல்’. அது நேரில் தொடங்குகிறது. எனவே போன சொல் விளத்திலோ காயிலோ முடிந்திருக்க வேண்டும். அடுத்தது எதுகை. பின்னும், மின்னும், சொன்ன, இன்னும் என்று நான்கு அடியும் இரண்டாம் எழுத்தில் ன் வைத்தே தொடங்குகின்றன. நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லும் முதல் இரண்டு அடியின் எதுகையைக் காட்டியாக வேண்டும். ஆகவே அந்தச் சொல்லின் இரண்டாம் எழுத்து ன்.

வாசகர்கள் அனுப்பிய சொற்களை இந்த மூன்று சல்லடையிலும் போட்டுப் பார்த்தேன். ‘மனமுவந்து’ முதலிலேயே நின்றுவிட்டது: நிரையில் தொடங்குகிறது. ‘என்றும்’, ‘இன்னும்’ இரண்டும் தொடக்கம் சரி, எதுகை சரி, ஆனால் தேமா. அதன் பின் ‘சொன்ன’ என்று நேர் வரக் கூடாது. ‘ஆச்சியவள்’ தளைக்குப் பொருந்துகிறது, எதுகை இல்லை. ‘கன்னியவள்’ எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. ஆனால் சாந்தி செய்துகொள்ளும் ஐயாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியை யாரும் கன்னி என்று பாட மாட்டார்கள். ‘அன்புமனம்’ சட்டப்படி செல்லும், காதுக்குப் போதாது. மற்ற இடங்களில் எல்லாம் ன் இரட்டித்து ஒலிக்க, இங்கே மட்டும் ன்பு என்று வழுக்குகிறது. கோட்டையூர் வாசகர் அனுப்பிய ‘என்றென்றும்’ நல்ல சொல். தேமாங்காய். என்றென்றும் சொன்னசொல் காக்கும் துணிவு என்று பொருளும் நேராக வருகிறது. நான் இரண்டு நாள் அதையே வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நேரில் பார்த்துவிடுவோம் என்று பள்ளத்தூருக்கு பஸ் ஏறினேன். வாசகியின் அப்பச்சி (அப்பா) கதவைத் திறந்து, சட்டத்தை இறக்கி, வளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். ரோஜா நிறத் தாள் இப்போது தேயிலை நிறமாகி இருக்கிறது. ஓரத்தில் பூக்கட்டை அச்சு, எழுத்து ஒவ்வொன்றும் தாளில் லேசாக அழுந்திப் பதிந்த பழைய ஈயம். ஓட்டை கொட்டைப்பாக்கு அளவு. அதன் வலது விளிம்பில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கால் போல் இறங்கும் ஒரு கோடும் அதன் தலைமேல் ஒரு புள்ளியும் தப்பியிருக்கின்றன. அப்படி முடியும் எழுத்து ர், ள் போன்றது. ம் இல்லை. ‘என்றென்றும்’ அந்த இடத்தில் விழுந்துவிட்டது.

ன்ன எதுகை, நேரில் தொடக்கம், காயில் முடிவு, கடைசி எழுத்து ள். ‘அன்னையவள்’ என்று எனக்குத் தோன்றியது. அன்/னைய/வள், கூவிளங்காய். எல்லாம் பொருந்துகிறது. அப்படியே வாசகிக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதிவிட்டேன். அதற்கு அவர் எழுதிய பதில் கடைசியில் வருகிறது.

கேள்வி: 15 சீர் உள்ள பாட்டில் ‘அழகு’ ஐந்து முறை வருகிறது. பாட்டுக்கட்ட வார்த்தை கிடைக்காமல் ஒன்றையே போட்டு நிரப்பியது போல இல்லையா? கூறியது கூறல் குற்றம்தானே?

— வாசகர், தேவகோட்டை

பதில்: நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்தில் கூறியது கூறலும் ஒன்று, உண்மைதான். ஆனால் அங்கே குற்றம் என்பது சொன்ன செய்தியையே திரும்பச் சொல்வது. இந்தப் பாட்டில் சொல்தான் திரும்புகிறது, செய்தி ஒவ்வொரு தடவையும் நகர்கிறது. முதல் அழகு விரலுக்கு. இரண்டாவது அந்த விரல் செய்த பொருளின் நிறத்துக்கு. நான்காவது துணிவுக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு. ஐந்தாவது ஆச்சிக்கே. கையில் தொடங்கி, கைவேலைக்குப் போய், மனத்துக்குள் இறங்கி, ஆளிடம் வந்து சேர்கிறது.

மூன்றாவதை விட்டுவிட்டேன், தெரிந்துதான். ‘மேலழகு’ என்பதற்கு உடைமைக்காரர் இல்லை. விரலின் அழகு, நிறத்தின் அழகு மாதிரி மேலின் அழகு என்று சொல்ல முடியாது. இதற்கும் மேலான அழகு ஒன்று இருக்கிறது, சொல்லப்போகிறேன் என்று கை தூக்கி நிறுத்துகிற சொல் அது. பாதிப் பாட்டில் பொருளை நிறுத்தி, தனிச்சொல்லைத் தாண்டி, மூன்றாம் அடியின் மூன்றாம் சீரில்தான் ‘துணிவழகு’ என்று விடை கிடைக்கிறது. இடையில் மூன்று சீர் தூரம் கேட்பவர் காத்திருக்கிறார்.

உட்கார்ந்த இடத்தையும் பாருங்கள். முதலடியில் அழகு இரண்டாம் சீரில். இரண்டாம் அடியில் இரண்டிலும் மூன்றிலும் அடுத்தடுத்து. மூன்றாம் அடியில் மூன்றாம் சீரில். கடைசி அடியில் மறுபடி இரண்டில். அடியின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு தடவைகூட இல்லை, எப்போதும் நடுவில்தான். என் அம்மா கொட்டான் பின்னும்போது சாயம் ஏறிய சிவப்பு ஓலை வெள்ளை ஓலைக்குக் கீழே போய் மறைந்து, இரண்டு கட்டம் தள்ளி மேலே வரும். எங்கே வரும் என்று சிறுபிள்ளைகள் நாங்கள் பந்தயம் கட்டுவோம். இந்தச் சொல்லும் அப்படித்தான் வருகிறது. கொட்டானைப் பாடுகிற பாட்டு கொட்டான் மாதிரியே பின்னப்பட்டிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரே சொல் ஒரே பொருளில் திரும்பத் திரும்ப வந்து அழகு செய்வதற்குத் தண்டியலங்காரம் வைத்த பெயர் சொற்பொருள் பின்வருநிலையணி. ‘அழகு’ என்ற இதே சொல்லை வைத்து இதே வேலையை நாலடியார் செய்திருக்கிறது: தலைமுடி அழகும், ஆடையின் கரை அழகும், மஞ்சள் அழகும் அழகல்ல, ‘கல்வி அழகே அழகு’ என்று. அந்த வெண்பாவில் அழகு ஆறு முறை. நம் வாழ்த்து மடல்காரருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார். நாலடியார் முதல் மூன்று அழகையும் தள்ளிவிட்டுக் கல்வியை எடுக்கிறது. இவர் எதையும் தள்ளவில்லை. விரலும் அழகு, நிறமும் அழகு, அதற்கும் மேல் துணிவு. ஒரு பெண்ணின் கைவேலையைச் சிறிதாக்கித்தான் அவள் குணத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. எனக்கு இந்தப் பாட்டில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

கேள்வி: ‘ஓலையிலே’ என்பதில் லை நெடில் இல்லையா? ஓ/லை/யிலே என்று பிரித்தால் நேர் நேர் நிரை, தேமாங்கனி ஆகிறது. வெண்பாவில் கனிச்சீர் வரக் கூடாதே?

— கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். ஐ தனியாக நின்றால் இரண்டு மாத்திரை. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வந்தால் குறுகிவிடும். அது ஐகாரக் குறுக்கம். அசை பிரிக்கும்போது அதைக் குறிலாகவே எடுத்துக்கொள்வார்கள். எனவே ஓ/லையி/லே, நேர் நிரை நேர், கூவிளங்காய். வெண்பாவுக்கு உரிய சீர்தான். சந்தையில் பனையோலை விற்கிற அம்மா ‘ஓலையில’ என்று சொல்வதைக் கேளுங்கள். லை எவ்வளவு சிறியதாக வருகிறது என்று புரியும். இலக்கணம் வாயைப் பார்த்து எழுதியதுதான்.

அதே அடியில் ‘பின்னிவைத்த’ என்பதிலும் ஐ இருக்கிறது. அங்கே கவலையே இல்லை. முன்னால் னி என்ற குறில் நிற்பதால் வை குறுகினாலும் நீண்டாலும் ‘னிவைத்’ நிரைதான்.

முழுப் பாட்டையும் பிரித்துப் பாருங்கள். சீருக்கும் சீருக்கும் இடையில் 14 சந்திப்பு வரும். ஆறு இயற்சீர் வெண்டளை (மா, விளத்துக்குப் பின் வருவது), எட்டு வெண்சீர் வெண்டளை (காய்க்குப் பின் வருவது). கடைசிச் சீர் ‘இனி’ ஒரே நிரையசை, அதாவது ‘மலர்’ என்னும் வாய்பாடு. நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றில்தான் வெண்பா முடிய வேண்டும். விடையைப் பார்க்காமல் போட்டு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

கேள்வி: எதுகையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். இந்தப் பாட்டில் மோனை இருக்கிறதா?

— வாசகர், கண்டனூர்

பதில்: இருக்கிறது, நான்கு அடியிலும். சீர்களின் முதல் எழுத்து ஒத்து வருவது மோனை. முதல் சீரும் மூன்றாம் சீரும் மோனையில் சேர்ந்தால் பொழிப்பு மோனை. பின்னும்–பின்னி, மின்னும்–மேலழகு, இன்னும்–இனி. இவை வெளிப்படை. மூன்றாம் அடியில் சொன்ன–துணிவு. இங்கேதான் சந்தேகம் வரும். ச வரிசையும் த வரிசையும் மோனைக்கு இனம். உ, ஊ, ஒ, ஓ நான்கும் இனம். எனவே சொ, து இரண்டும் மோனை. பழகாத காதுக்கு எட்டாது. பழகியவர்களுக்கு அந்த மெலிசான ஒற்றுமை ‘பின்னும்–பின்னி’யைவிட இனிமையாகவே இருக்கும்.

கேள்வி: இந்த எண்ணிக்கையெல்லாம் அசல் அன்பைக் கொன்றுவிடாதா?

— வாசகர், திருப்பத்தூர்

பதில்: எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. சிறு வயதில் கம்பன் விழாவுக்கு என் தந்தை கூட்டிக்கொண்டு போவார். சா. கணேசன் 1939இல் தொடங்கியது, காரைக்குடியில் அது ஊர்த் திருவிழா மாதிரி. பேச்சாளர் பாட்டைச் சொல்லிக்கொண்டே வந்து கடைசிச் சீருக்கு முன் ஒரு நொடி நிறுத்துவார். அந்தச் சீரைக் கூட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து குரல் சொல்லும். கடைக்காரர்கள், கணக்குப்பிள்ளைகள், சமையல்காரர் ஒருவர்கூட. எதுகையும் தளையும் அவர்களுக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தன. சொன்ன பிறகு அவர்கள் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை.

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவுக்கு எழுபது வயது. நானும் ஒரு வெண்பா எழுத ஆசைப்படுகிறேன். முதல் அடி: ‘அன்பின் உருவமே எங்கள் அம்மா’. சரியா?

— வாசகர், குன்றக்குடி

பதில்: முக்கால்வாசி சரி. அன்/பின் தேமா, அடுத்து உரு/வமே நிரையில் தொடங்குகிறது, நல்லது. கருவிளம். அடுத்து எங்/கள் நேரில் தொடங்குகிறது, அதுவும் நல்லது. ஆனால் ‘எங்கள்’ தேமா. அதற்குப் பின் ‘அம்மா’ என்று நேர் வந்துவிட்டது. தளை தட்டுகிறது.

ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். இரண்டையும் சேர்த்து ‘எங்களம்மா’ என்று ஒரே சீராக்குங்கள். எங்/களம்/மா, கூவிளங்காய். சரியாகிவிட்டது. அதோடு நான்காம் சீருக்கு இடமும் கிடைத்துவிட்டது. நேரில் தொடங்கும் சொல்லாகப் போடுங்கள். அகரத்திலோ ஆகாரத்திலோ தொடங்கினால் முதல் சீரோடு ஒரூஉ மோனையும் அமையும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ‘அன்பின் உருவம்’ என்று எந்த அம்மாவைப் பற்றியும் எழுதலாம். உங்கள் அம்மா காலையில் எழுந்ததும் என்ன செய்வார்? கும்மாயம் கிண்டும்போது எந்தக் கையால் கிண்டுவார்? கோபம் வந்தால் எங்கே போய் உட்காருவார்? நம் பள்ளத்தூர் மடலில் மற்ற நான்கு பாட்டையும் நான் படித்தேன். வள்ளல், கொடைக்கரம், குலவிளக்கு, மன்னவன். யாப்பில் ஒரு குறையும் இல்லை. சட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டுத் திரும்பினால் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. ஐந்தாவது பாட்டில் ஒரு விரல் இருந்தது, அது நின்றது. இரண்டாம் அடியில் உங்கள் அம்மாவின் ஒரு செயல் வரட்டும். அம்மாவை எங்கே வைத்து வாழ்த்தப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: உங்கள் கடிதம் கிடைத்தது. பெரியாத்தா (ஆயாவின் மகள்) தேவகோட்டையில் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியவர்கள். போனில் பாட்டைப் படித்துக் காட்டினேன். ‘அன்னையவள்’ என்று நான் சொன்னதும் நிறுத்திவிட்டார்கள். “அன்னையவள் இல்லடி. பின்னுமவள். அப்பச்சி அந்த இடத்துல நிறுத்திட்டு ஆத்தாளப் பாப்பாங்க” என்றார்கள். அவர்கள் அப்பச்சி என்றது எங்கள் ஐயாவை, ஆத்தா என்றது ஆயாவை. ‘சொன்ன சொல்’ என்ன என்று நீங்கள் கேட்டதையும் கேட்டேன். பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வியாபாரம் பார்க்க) போன பக்கத்து வீட்டுக்காரர், வீட்டில் வேறு ஆள் இல்லாததால் ஒரு நகைப்பெட்டியை ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். 1942இல் ஜப்பான்காரன் வந்த பிறகு அவரிடமிருந்து தகவலே இல்லை. ஐயாவும் அக்கரையில் மாட்டிக்கொண்டார். ஆயா தன் நகைகளை ஒவ்வொன்றாக விற்று, ராத்திரியில் கொட்டான் பின்னி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்களாம். அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. சண்டை முடிந்து பக்கத்து வீட்டுக்காரர் நடைப்பிணமாக வந்து சேர்ந்தபோது அரக்கு முத்திரை உடையாமல் கொடுத்தார்களாம். பாட்டை ஐயாவே எழுதியிருப்பாரோ?

— பள்ளத்தூர் வாசகி

பதில்: பெரியாத்தா சொன்னதுதான் சரி. என் ஊகம் தவறு. அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பின்/னும/வள். நேர் நிரை நேர், கூவிளங்காய். எதுகை ன்ன. கடைசி எழுத்து ள். நான் போட்ட மூன்று சல்லடையிலும் கண்ணாடியில் பார்த்த கோட்டிலும் இதுவும் பொருந்துகிறது. அந்த இருக்கைக்கு ‘அன்னையவள்’ எவ்வளவு பொருத்தமோ அதே அளவு பொருத்தம். யாப்பு எனக்கு ஓட்டையின் அளவைச் சொன்னது. அதில் உட்கார்ந்திருந்தவரைச் சொல்லவில்லை. நான் ன்ன எதுகை தேடியவுடன் கைக்கு முதலில் வந்த சொல்லை எடுத்துக்கொண்டேன். ‘அன்னை’ யார் கைக்கும் வரும்.

இப்போது பாட்டை முழுதாகப் படியுங்கள்:

பின்னும் விரலழகு பின்னிவைத்த ஓலையிலே
மின்னும் நிறமழகு மேலழகு - பின்னுமவள்
சொன்னசொல் காக்கும் துணிவழகு நம்மாச்சி
இன்னும் அழகே இனி

முதல் ‘பின்னும்’ ஓலை பின்னுவது. தனிச்சொல்லில் வரும் ‘பின்னும்’ அது இல்லை. ‘மேலும்’ என்று ஒரு பொருள்: விரலும் நிறமும் சொல்லியாயிற்று, இன்னும் ஒன்று இருக்கிறது. ‘அதற்கு அப்புறமும்’ என்று இன்னொரு பொருள்: எல்லாம் கைவிட்டுப் போன பின்னும் சொன்ன சொல்லைக் காத்தவள். அந்தப் பெட்டியின் கதை தெரியாதவருக்கு முதல் பொருள் போதும். தெரிந்தவர்கள் பந்தலில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்களோ அத்தனை பேருக்கும் இரண்டாவது பொருள் கேட்டிருக்கும். இது போதாதென்று, காதில் விழும் முதல் நொடியில் ஓலை பின்னும் அதே ஆச்சியும் தெரிகிறாள். ராத்திரியில் பின்னிக்கொண்டே சொல்லைக் காத்தவள்தானே அவள்.

ஒரே சொல் வேறு பொருளில் திரும்பி வருவது சொல் பின்வருநிலையணி. ஆக, நான்கு அடிக்குள் இரண்டு வகைத் திரும்பல்: ‘அழகு’ பொருள் மாறாமல் ஐந்து முறை, ‘பின்னும்’ பொருள் மாறி இரண்டு முறை. தேவகோட்டை வாசகருக்கு எழுதிய பதிலில் இதைச் சொல்ல எனக்கு வழி இருக்கவில்லை. ‘அன்னையவள்’ என்று வைத்திருந்தால் இந்த இரண்டாவது பின்னல் அப்படியே அறுந்து போயிருக்கும். பாட்டு நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒருவரும் குறை கண்டிருக்க மாட்டார்கள். என் மனத்தை அது உறுத்துகிறது.

கடைசி அடியையும் இப்போது வேறு மாதிரி படிக்க முடிகிறது. ‘இன்னும் அழகே இனி’. சாந்தி மடலில் இன்னும் பல்லாண்டு வாழ்க என்றுதான் வழக்கமாக முடிப்பார்கள். இவர் ஆயுளைக் கேட்கவில்லை. பட்ட பாடெல்லாம் முடிந்தது, இனி இன்னும் அழகு என்கிறார்.

ஐயாவே எழுதியிருப்பாரோ என்று கேட்கிறீர்கள். மடலில் உள்ள மற்ற நான்கு வெண்பாவும் இரு விகற்பம். முதல் இரண்டு அடிக்கு ஓர் எதுகை, கடைசி இரண்டு அடிக்கு வேறு எதுகை. ஆயாவின் பாட்டு மட்டும் ஒரு விகற்பம், கடைசி வரை ன்ன. அந்த நான்கையும் கட்டிய கை வேறு, இந்த ஒன்றைக் கட்டிய கை வேறு என்றே என் காது சொல்கிறது. மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபை வந்த காலத்திலிருந்தே நம் பக்கத்தில் வெண்பா எழுதத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. வட்டிக்கடைக் கணக்கேட்டின் கடைசிப் பக்கத்தில் வெண்பா எழுதி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘நம்மாச்சி’ என்பது ஊரார் வாயில் வருகிற சொல். ஆனால் பெயர் போட விரும்பாத ஒருவர் ஊரார் வாயால் பேசவும் செய்யலாம். யார் கை என்று யாப்பு சொல்லாது.

இரண்டு வேலை உங்களுக்கு. சட்டத்தைப் பிரித்து ஓட்டையில் எதையும் ஒட்ட வேண்டாம்; தாள் தாங்காது. பாட்டை முழுதாக ஒரு தாளில் எழுதி, யார் சொல்லக் கேட்டு எழுதியது என்று பெரியாத்தாவின் பெயரையும் போட்டு, சட்டத்தின் முதுகில் ஒரு உறையில் வையுங்கள்.

இன்னொன்று, தேவகோட்டைக்குப் போனால் பெரியாத்தாவைப் பாட்டை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஐயா நிறுத்தியது ‘மேலழகு’ என்று சொல்லிவிட்டா, அல்லது ‘பின்னும்’ வரைக்கும் சொல்லிவிட்டு ‘அவள்’ என்பதற்கு முன்னாலா? முன்னதென்றால் ‘பின்னும்’ அடுத்த அடியோடு போய்ச் சேரும். பின்னதென்றால் ‘மேலழகு பின்னும்’ என்று அழகோடு ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்கு மூச்சு எங்கே விழுகிறது என்று கேட்டு எழுதுங்கள்.